தாமதித்து அழைக்கப்படும் சார்புகளும் அவை தவறும் இடங்களும்

வினைமுற்றொன்று தன்னுள் ஆறு பொருள்களை அடக்கி நிற்கும் என்பது நம் இலக்கண நூலார் துணிபு. வினைமுதல், கருவி, இடம், தொழில், காலம், செயப்படுபொருள் என்பன அவை. ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையோடு நன்னூல் பயின்று வந்த யாழ்ப்பாணத்து மாணாக்கர்க்கு இப்பாகுபாடு புதியதன்று. தச்சன் கதவைச் செய்தான் என்னுமிடத்துச் செய்தவன் யார், எதனைக்கொண்டு செய்தான், எங்கே செய்தான், எப்பொழுது செய்தான் என்னும் வினாக்கள் யாவும் ஒரு சொல்லிலிருந்தே பிறக்கின்றன. தொழில் கண்முன்னே உடனே நிகழுமாயின் இவ்வாறும் ஒருங்கே நம் பார்வையில் இருக்கும். தொழிலைப் பின்னொரு காலத்துச் செய்க என இன்று ஏவிவிட்டு அகல்வோமாயின், ஏவிய காலத்து இருந்த ஆறும் செய்யும் காலத்து அவ்வாறே இருக்கும் என்பதற்கு உறுதி யாது?

கணினிச் செய்நிரலாக்கத்திலே ‘தாமதித்த அழைப்பு’ என வழங்குவது இத்தகையதோர் ஏவலே. குறித்த நேரம் கழிந்தபின் குறித்த சார்பொன்றை இயக்குக என ஒரு கட்டளை இடப்படுகின்றது. அக்கட்டளை பல வேளைகளில் தவறிவிடுகின்றது. சார்பு இயங்காமற் போதலும், பன்முறை இயங்குதலும், பிந்தி இயங்குதலும், உரியவனை விட்டு மற்றொருவன்மேல் இயங்குதலும் உண்டு. இத்தவறுகள் தற்செயலானவை போலத் தோன்றினும், ஆறு பொருள்களுள் எது இடைக்காலத்தில் மாறியது என ஆராயின் ஒவ்வொன்றும் தன் காரணத்தை வெளிப்படுத்தும். இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கது ‘போன்’ என்னும் சிறு மொழி. சதுரங்கக் காலாளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அதன் பெயர். நெதர்லாந்து நாட்டினரான தியாட்மர் ரீமெர்ஸ்மா இதனை ஆக்கினார். முன்னர் இது ‘ஸ்மால்’ என வழங்கியது. 1980 ஆம் ஆண்டில் றொன் கெயின் வெளியிட்ட ‘ஸ்மால் சி’ என்னும் சிறு தொகுப்பானே இதற்கு முன்னோடி. எல்லாத் தரவுகளையும் ஒரே அளவினவாகிய கலங்களில் வைக்கும் எளிமையே இதன் சிறப்பு. பலர் தத்தம் வீடுகளிலிருந்து இணையவழியாக ஒன்றுகூடி ஆடும் விளையாட்டுக்களின் சேவையகங்களில் இது பெரிதும் இடம்பெற்றது. ‘ஹாஃப் லைஃப்’ விளையாட்டுச் சேவையகங்களிலும், ‘கிராண்ட் தெஃப்ற் ஓட்டோ: சான் அன்ட்ரியாஸ்’ என்னும் விளையாட்டைப் பலர் கூடியாட அமைத்த ‘சாம்ப்’ என்னும் சேவையகத்திலும், அதன் வழிவந்த ‘ஓபன் மல்ரிபிளேயர்’ சேவையகத்திலும் விதிகளை வகுக்கும் மொழியாக இது அமைந்தது. நிரல் எழுதுதலை இத்தகைய விளையாட்டின் வாயிலாகவே முதன்முதற் கற்றுக்கொண்ட இளைஞர் உலகெங்கும் பலர்.

சாம்ப் சேவையகத்தில் தாமதித்த அழைப்புக்கென அமைந்த கட்டளை ‘செற்ரைமர்’ எனப்படும். அதற்கு மூன்று செய்திகள் வேண்டும். இயக்கவேண்டிய சார்பின் பெயர் முதலாவது. கழியவேண்டிய மில்லிசெக்கன்களின் தொகை இரண்டாவது. ஒருமுறை மட்டுமோ மீட்டும் மீட்டுமோ என்பது மூன்றாவது. கட்டளையைப் பெற்ற சேவையகம் அதனை ஒரு பட்டியலிற் பதிந்து, அதற்கோர் இலக்கம் வழங்கிவிட்டுத் தன் ஏனைய பணிகளுக்குத் திரும்புகின்றது. பின்னர்த் தன் சுற்றுத்தோறும் பட்டியலைப் பார்வையிட்டு, நேரம் நிறைந்தவற்றைத் தேர்ந்து, அவ்வப் பெயருடைய சார்பைத் தேடி இயக்குகின்றது. சார்பைத் தேடுவது கட்டளை இட்டபொழுதன்று, நேரம் நிறைந்த பொழுதே என்பது இங்கே ஊன்றி நோக்கத்தக்கது. பெயர் பிழையாயிருப்பினும் பட்டியல் அதனை ஏற்றுக்கொள்ளும், இலக்கமும் வழங்கும், நேரம் நிறைந்தபின் தேடிக் காணாதவிடத்து யாதும் கூறாது விட்டுவிடும்.

இனி ஆறனையும் முறையே நோக்குவாம். முதலிற் கொள்ளத்தக்கது தொழில். அஃதாவது அழைக்கப்படும் சார்பு. நிரலினுள்ளே ஒரு சார்பு மற்றொரு சார்பை நேரே அழைக்குமிடத்துத் தொகுப்பான் பெயரைச் சரிபார்க்கும். செற்ரைமரிலோ சார்பின் பெயர் மேற்கோட்குறிக்குள் அடங்கிய வெறும் எழுத்துத்தொடர். அதில் ஓரெழுத்துப் பிழைப்பினும் தொகுப்பான் அறியாது. மேலும், சேவையகம் பெயரால் தேடிக் காணக்கூடிய சார்புகள் ‘பப்ளிக்’ என்னும் அடைமொழி பெற்றவை மட்டுமே. அவ்வடைமொழி இல்லாத சார்பை நிரலில் வேறெவரும் அழையாராயின், பயனற்றது எனக் கருதித் தொகுப்பான் அதனை விட்டுவிடும். அவ்வேளையில் ‘இப்பெயர் யாண்டும் பயன்படவில்லை’ எனப் பொருள்படும் 203 ஆம் எச்சரிக்கை தோன்றும். நிரல் தொகுக்கப்பட்டுவிட்டதே என மகிழ்ந்து இவ்வெச்சரிக்கையைப் புறக்கணிப்போர் பலர். நோயின் காரணத்தை நேரே கூறுவது அதுவேயாம். ‘பப்ளிக்’ சார்புக்கு ‘போர்வேட்’ என்னும் முன்னறிவிப்பு இல்லாவிடின் 235 ஆம் எச்சரிக்கை தோன்றும். பெயரின் நீளத்துக்கும் ஓரெல்லை உண்டு. 31 எழுத்துக்களை மீறிய பெயரைத் தொகுப்பான் வெட்டிவிட்டு 200 ஆம் எச்சரிக்கையைத் தரும். மேற்கோட்குறிக்குள் உள்ள பெயரோ வெட்டுண்ணாது முழுமையாக நிற்கும். இரண்டும் ஒவ்வாமையால் தேடல் வீணாகும்.

அடுத்தது இடம். சேவையகத்தில் ஒரே வேளையில் பல நிரல்கள் இயங்கலாம். முதன்மை ஆட்டத்தை நடத்துவது ஒன்று; அதற்குத் துணையாக ஏற்றவும் இறக்கவும் கூடியவை வேறு சில. ஒரு நிரல் இட்ட தாமதக் கட்டளை அந்நிரலினுள்ளேயே சார்பைத் தேடும். அயல் நிரலில் அதே பெயருடைய சார்பு இருப்பினும் அங்கே செல்லாது. நிரல் இறக்கப்படின் அதன் கட்டளைகளும் பட்டியலிலிருந்து நீங்கும். ஒரு பகுதியை ஒரு நிரலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றியபின் ‘நேற்று இயங்கியது இன்று இயங்கவில்லை’ என முறையிடுவோர் முதலில் இவ்விடத்தை ஆராய்தல் வேண்டும்.

மூன்றாவது கருவி, அஃதாவது சார்புக்குக் கொடுத்தனுப்பப்படும் பெறுமானங்கள். செற்ரைமர் எதனையும் சார்புக்குக் கொண்டுசெல்லாது. அதற்கெனவே ‘செற்ரைமர் எக்ஸ்’ என்னும் விரிந்த கட்டளை உண்டு. கொண்டுசெல்லும் பெறுமானங்களின் வகையையும் தொகையையும் சில எழுத்துக்களால் முன்னரே குறித்தல் வேண்டும். இதனை அறியாத தொடக்க மாணவர், பெறுமானத்தைப் பொதுமாறி ஒன்றில் வைத்துவிட்டுப் பின்னர் அதனை எடுத்துக்கொள்ளலாம் என எண்ணுவர். ஒருவர் மட்டும் ஆடிச் சோதிக்குமிடத்து அது பிழையின்றி நடக்கும். இருவர் வந்தபின்னரே குற்றம் வெளிப்படும். முதலாமவருக்கெனப் பொதுமாறியில் வைத்த எண்ணை, ஒரு செக்கன் கழியுமுன்னரே இரண்டாமவரின் எண் அழித்துவிடும். இரு அழைப்புக்களும் இரண்டாமவரையே சாரும். க.பொ.த. உயர்தர வகுப்பில் பைதன் மொழி பயிலும் மாணவரும் இதனை அறிந்திருத்தல் நன்று. மடக்கினுள்ளே பெயரில்லாச் சார்புகளை ஆக்கிப் பின்னர் இயக்குமிடத்து, அவை யாவும் மடக்கு மாறியின் இறுதிப் பெறுமானத்தையே காண்பது இக்குற்றத்தின் மற்றொரு வடிவமேயாம். ஏவும்பொழுதே பெறுமானத்தைப் படியெடுத்து உடன் அனுப்புதலே இரண்டுக்கும் மருந்து.

நான்காவதாகிய செயப்படுபொருள் ஏனையவற்றினும் ஆழ்ந்த ஆராய்ச்சிக்குரியது. சேவையகத்திற்கு வரும் ஒவ்வொருவர்க்கும் 0 முதலாக ஓர் எண் வழங்கப்படுகின்றது. ஒருவர் நீங்கின் அவ்வெண் வெற்றிடமாகி, அடுத்து வருபவர்க்குக் கொடுக்கப்படும். எனவே அவ்வெண் ஆளின் பெயரன்று. ஆள் அமர்ந்திருக்கும் ஆசனத்தின் எண் மட்டுமே. இவ்வேறுபாட்டை மறப்பதால் விளையும் தீங்கை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். விதி மீறிய ஒருவரை வெளியேற்றும் கட்டளை ‘கிக்’ எனப்படும். சாம்பின் 0.3 வரிசைப் பிற்பதிப்புகளில், இக்கட்டளைக்குச் சற்று முன்னே அனுப்பிய செய்தி உரியவரைச் சேர்வதில்லை. செய்தி போய்ச் சேருமுன்னரே தொடர்பு அறுந்துவிடும். ஆகவே, வெளியேற்றத்துக்கான காரணத்தை முதலில் அறிவித்து, ஒரு செக்கன் கழித்து வெளியேற்றும்படி தாமதித்த அழைப்பை இடுதல் வழக்கமாயிற்று. குற்றஞ்செய்தவனுக்கும் குற்றம் இன்னதென்று கூறிய பின்னரே தண்டம் விதித்தல் நீதியாதலின் இவ்வழக்கம் நன்றே.

ஆயினும் அந்த ஒரு செக்கனுள் நிகழக்கூடியது யாது? ஏழாம் எண்ணுக்குரியவர் செய்தியைக் கண்டவுடன் தாமே நீங்கிவிடுகின்றார் எனக் கொள்வோம். அக்கணமே வேறொருவர் உள்ளே வருகின்றார். வெற்றிடமாயிருந்த ஏழாம் எண் அவரைச் சேர்கின்றது. செக்கன் நிறைகின்றது. சேவையகம் தான் ஏவப்பட்டபடி ஏழாம் எண்ணை வெளியேற்றுகின்றது. குற்றஞ்செய்தவர் போய்விட்டார், ஒன்றுமறியாதவர் தண்டிக்கப்பட்டார். கட்டளையில் எழுத்துப்பிழை இல்லை, சார்பு உரிய நேரத்தில் இயங்கியது, தொகுப்பானும் குறைகூறவில்லை. எனினும் நீதி பிறழ்ந்துவிட்டது. விளையாட்டில் இஃது ஒரு சிறு மனவருத்தத்தோடு முடியலாம். ஆனால் வைத்தியசாலையிற் கட்டில் எண்ணைக்கொண்டும், வங்கியில் வரிசை எண்ணைக்கொண்டும் பின்னொரு காலத்துச் செயலை ஏவும் செய்நிரல்களுக்கும் இவ்விதியே பொருந்தும். கட்டிலுக்கு மருந்து கொடுக்குமாறு ஏவுதல் வேறு. நோயாளருக்குக் கொடுக்குமாறு ஏவுதல் வேறு.

இதற்குப் பரிகாரம் இரண்டு. ஆள் நீங்கும்பொழுது அவர்பொருட்டு இடப்பட்ட கட்டளைகளைக் ‘கில்ரைமர்’ என்னும் கட்டளையால் நீக்குதல் ஒன்று. அதற்குக் கட்டளையின் இலக்கத்தை முன்னரே குறித்துவைத்தல் வேண்டும். வருகையொவ்வொன்றுக்கும் ஒருபோதும் மீள வழங்கப்படாத ஒரு தொடரிலக்கம் கொடுத்து, ஆசன எண்ணோடு அதனையும் சார்புக்கு அனுப்புதல் மற்றொன்று. சார்பு இயங்கத் தொடங்கியவுடன், இப்பொழுது அவ்வாசனத்தில் இருப்பவரின் தொடரிலக்கமும் தான் கொண்டுவந்த தொடரிலக்கமும் ஒன்றா என ஒப்புநோக்கும். வேறாயின் யாதும் செய்யாது மீளும். இரண்டாவது முறையே உறுதி மிக்கது. முதலாவது முறையில் ஒரு கட்டளையை நீக்க மறந்தாலும் தவறு நிகழும். இரண்டாவதிலோ காவல் செயலின் வாயிலிலேயே நிற்கின்றது.

ஐந்தாவது வினைமுதல். செயலைச் செய்வது சேவையகம். அது நிரலின் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யும் இயல்பினது. ஒரு சார்பு தரவுத்தளத்தின் மறுமொழிக்காக 3 செக்கன் காத்து நிற்குமாயின், அவ்விடைவெளியில் நேரம் நிறைந்த அழைப்புக்கள் யாவும் காத்து நிற்கும். பிந்தியது என முறையிடப்படும் சார்பிற் குற்றம் இராது. அதற்கு முன்னே வழியை மறித்து நின்ற வேறொரு சார்பிலேயே குற்றம் இருக்கும். அன்றியும், ஒரே செயலைப் பலர் செய்வது போன்ற தோற்றமும் உண்டு. ஆள் வருந்தோறும் மீள்இயங்கும் கட்டளையொன்றை இட்டு, நீங்கும்பொழுது அதனை நீக்காதுவிடின், கட்டளைகள் பெருகிக்கொண்டே போகும். செக்கனுக்கொரு புள்ளி பெறவேண்டியவர் மூன்று புள்ளி பெறுவாராயின், அவ்வாசனத்தின்மேல் மூன்று கட்டளைகள் உயிரோடிருக்கின்றன என அறிதல் வேண்டும்.

இறுதியாகவுள்ளது காலம். கடிகாரம் காட்டும் நேரம் வேறு, கழிந்த நேரம் வேறு என்பதை இலங்கையர் தம் அனுபவத்தால் அறிவர். 1996 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆந் தேதி நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தப்பட்டன. அவ்வாண்டு ஒற்றோபர் 26 ஆந் தேதி அவை அரை மணித்தியாலம் பின்னகர்ந்தன. 2006 ஆம் ஆண்டு ஏப்பிரல் 15 ஆந் தேதி மேலும் அரை மணித்தியாலம் பின்னகர்ந்து, கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய நிலைக்கு மீண்டன. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிலோ 1996 ஆம் ஆண்டின் மாற்றம் ஏற்கப்படவில்லை. ஆகவே 2002 ஆம் ஆண்டில் ஏ-9 பாதை திறக்கப்பட்டபின், முகமாலையைக் கடந்து வன்னிக்குச் சென்றவரின் கைக்கடிகாரம் அரை மணித்தியாலம் பிழைத்தது. பிரயாணிக்குக் கழிந்த நேரம் சில நிமிடமே. கடிகாரங்களோ ஒன்றோடொன்று முரண்பட்டன.

2006 ஏப்பிரல் 15 ஆந் தேதி நள்ளிரவு கழிந்து 12.30 ஆனபொழுது கடிகாரம் மீண்டும் 12.00 எனக் காட்டலாயிற்று. அன்று முதன்முறை 12.20 ஆகியபொழுது, 20 நிமிடம் கழித்து ஒரு செயலைச் செய்யவேண்டி, ‘12.40 ஆகும்பொழுது செய்க’ என ஒரு நிரல் தனக்குள் எழுதிவைத்துக்கொண்டதாகக் கருதுவோம். 10 நிமிடத்தில் கடிகாரம் பின்சென்றமையால், அச்செயல் 20 நிமிடத்திலன்றி 50 நிமிடத்திலேயே நிகழ்ந்திருக்கும். ஆதலின் இடைவெளியை அளப்பதற்கு ஊர்க்கடிகாரத்தைக் கொள்ளலாகாது. இயந்திரம் தொடங்கியது முதல் முன்னோக்கி மட்டும் எண்ணிச்செல்லும் எண்ணியே அதற்கு உரியது. சாம்பில் அதனைக் ‘கெற்ரிக்கவுன்ற்’ என்பர். பைதனில் 2012 ஆம் ஆண்டின் 3.3 பதிப்பு முதல் ‘மொனொரொனிக்’ என்னும் சார்பு இதன்பொருட்டு உண்டு.

அவ்வெண்ணிக்கும் எல்லை உண்டு. போன் மொழியின் கலம் 32 பிற் அளவினதாயின், அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. இத்தனை மில்லிசெக்கன்கள் 24 நாளும் 20 மணித்தியாலமும் 31 நிமிடமும் சென்றபின் நிறைந்துவிடும். அடுத்த கணம் எண் குறைநிலைக்குச் சென்றுவிடும். மூன்று வாரம் பிழையின்றி இயங்கிய சேவையகம் நான்காம் வாரத்தில் திடீரெனத் தடுமாறுமாயின் இதனை ஐயுறல் வேண்டும். தொடக்கத்தோடு இடைவெளியைக் கூட்டி வரும் எண்ணை நிகழும் எண்ணோடு ஒப்பிடுதல் பிழைக்கும். நிகழும் எண்ணிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, எஞ்சியதை இடைவெளியோடு ஒப்பிடுதல் பிழையாது. இவ்வெல்லை விளையாட்டோடு நின்றதன்று. போயிங் 787 விமானத்தின் மின்பிறப்பாக்கிக் கட்டுப்பாட்டில் இத்தகையதோர் எண்ணி 248 நாளில் நிறைந்து, மின்வழங்கல் முழுவதும் அற்றுப்போகக்கூடும் எனக் கண்டு, 2015 ஆம் ஆண்டில் அமெரிக்க விமானப்போக்குவரத்து நிருவாகம் ஆணை பிறப்பித்தது. செக்கனை நூறாகப் பகுத்து எண்ணினால், மேற்கூறிய அதே பேரெண் 248 நாளில் நிறையும்.

சிறு பிழைகள் திரண்டு பெரும்பிழையாதலும் காலத்தின்பாற்பட்டதே. செக்கனுக்கொருமுறை இயங்கவேண்டிய அழைப்பு ஒவ்வொரு முறையும் 5 மில்லிசெக்கன் பிந்தி, அடுத்த இடைவெளி அப்பிந்திய கணத்திலிருந்தே எண்ணப்படுமாயின், ஒரு மணித்தியாலத்தில் ஏறக்குறைய 18 செக்கனும் ஒரு நாளில் ஏறக்குறைய 7 நிமிடமும் பின்தங்கும். 1991 ஆம் ஆண்டு பெப்ருவரி 25 ஆந் தேதி சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் 28 அமெரிக்கப் போர்வீரர் மாண்டதற்கு இத்தகைய திரட்சியே காரணமாயிற்று. பேற்றியற் எதிர்ஏவுகணைப் பொறியின் கணினி செக்கனின் பத்திலொரு பங்கை இரும எண்ணிற் சிறிது வெட்டிக் கணித்தது. ஏறக்குறைய 100 மணித்தியாலம் ஓய்வின்றி இயங்கியபின் அப்பிழை செக்கனின் மூன்றிலொரு பங்களவிற் பெருகியது. வந்த ஏவுகணையை அது தவறான இடத்தில் தேடியது. எனவே அழைப்பின் எண்ணிக்கையைக் கொண்டு காலத்தைக் கணித்தல் தகாது. ஒவ்வோர் அழைப்பிலும் எண்ணியைப் பார்த்துக் கழிந்த காலத்தை நேரே அளத்தலே முறை.

இவ்வளவும் அறிந்தபின், குற்றங்காணும் முறை எளிதாகும். கட்டளை இடும் வரியில் ஒரு குறிப்பும், அழைக்கப்படும் சார்பின் முதல் வரியில் ஒரு குறிப்பும் சேவையகப் பதிவேட்டில் விழுமாறு எழுதுக. இரண்டிலும் கட்டளையின் இலக்கம், ஆசன எண், வருகைத் தொடரிலக்கம், எண்ணியின் பெறுமானம் ஆகிய நான்கும் இருத்தல் வேண்டும். முதற்குறிப்பு இல்லையாயின் கட்டளையே இடப்படவில்லை. முதற்குறிப்பு விழுந்து இரண்டாவது விழாவிடின் தொழிலையும் இடத்தையும் நோக்குக. அத்துடன் கட்டளை இடையில் நீக்கப்பட்டதா என்பதையும் காண்க. இரண்டாவது பன்முறை விழுமாயின் நீக்கப்படாத கட்டளைகளைத் தேடுக. பிந்தி விழுமாயின் வழிமறித்த சார்பையும் காலத்தையும் ஆராய்க. உரிய நேரத்தில் விழுந்தும் பயன் பிழைக்குமாயின் கருவியையும் செயப்படுபொருளையும் ஐயுறுக. இவ்வாறு செய்யாது, இடைவெளியை 1000 என்பதிலிருந்து 2000 ஆக்கிப் பார்ப்போம் என முயல்வோர் நோயை மறைப்பாரன்றித் தீர்ப்பாரல்லர். அவ்வாறு நீட்டிய ஒவ்வொரு செக்கனும் ஆசனத்தில் ஆள் மாறுவதற்கு மேலும் இடந்தரும்.

தாமதித்த அழைப்பு ஒரு வாக்குறுதி போன்றது. அதனைக் கொடுத்த உலகமும் நிறைவேற்றும் உலகமும் ஒன்றல்ல. ஏவுவோன் தன் அறிவு முழுவதையும் ஏவலோடு சேர்த்து அனுப்புதல் வேண்டும். ஏவப்பட்டது, செய்யுமுன் ஒருகணம் நின்று, ‘நான் தேடி வந்தவர் இவர்தாமா, நான் செய்யவேண்டியது இன்னும் வேண்டப்படுகின்றதா’ என வினாவுதல் வேண்டும். இவ்விரண்டையும் கைக்கொள்ளும் மாணவன், இன்று விளையாட்டுச் சேவையகத்தில் ஓர் அப்பாவியை வெளியேற்றாது காப்பான். நாளை வைத்தியசாலைக்கோ வங்கிக்கோ நிரல் எழுதும்பொழுது அதனினும் பெரிய பிழைகளினின்றும் பிறரைக் காப்பான்.